பெயர் எழுதாத பொட்டலமும் பெரம்பூர் புட்டிங் வகுப்பும்: ஓர் எச்சரிக்கை

நான் காசிமேட்டில் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாக நோன்பு நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால் கடல்பாசி (சைனா கிராஸ், அதாவது அகர் அகரைப் பாலில் காய்ச்சி உறையவைக்கும் இனிப்பு) செய்து கொடுக்கிறேன். கூடவே வேறு சில இனிப்புகளும் கற்றுக்கொள்ளலாம் என்று, போன மாதம் பெரம்பூரில் ஒரு வீட்டு மாடியில் நடந்த ஒருநாள் வகுப்பில் சேர்ந்தேன்.

குளிர் இனிப்பு ஐந்து வகை, மெரிங் (முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து ஓவனில் காயவைக்கும் இனிப்பு) இரண்டு வகை, ஆளுக்கொரு பீட்டர் (முட்டை அடிக்கும் மெஷின்), எல்லோரும் கையால் செய்து பழகலாம் என்று வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள். கட்டணம் 2,500 ரூபாய். சாமான் பொட்டலங்களுக்குத் தனியாக 900. முழுப் பணத்தையும் முன்னாலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு, "நேர்ல வாங்க சிஸ்டர், தரோம்" என்றார்கள். இன்றுவரை தரவில்லை.

போய்ப் பார்த்தால் 22 பேர், ஒரே ஒரு பீட்டர். நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை. முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஓவனில் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் "ரெடி" என்று ஒரு டப்பாவிலிருந்து மொறுமொறுப்பான மெரிங்கை எடுத்துக் கொடுத்தார்கள். 100 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரமாவது இருந்தால்தான் மெரிங் உள்வரை காயும், அப்புறம் ஓவனை அணைத்து அதற்குள்ளேயே ஆறவிட வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் சாப்பிட்டது முன்பே செய்து வைத்தது.

பணம் போனால் போகட்டும் என்று இதையெல்லாம் விட்டிருப்பேன். என்னால் விட முடியாதது அந்தப் பொட்டலங்கள்.

பிளாஸ்டிக் கவரில் மார்க்கரால் "புட்டிங்" என்று மட்டும் எழுதிய ஒரு பொடி. வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "இதுல ஜெலட்டின் இருக்கா மேடம்? எங்க வீட்ல சாப்பிட மாட்டோம், என்கிட்ட வாங்குறவங்களும் சாப்பிட மாட்டாங்க." அதற்கு வகுப்பு நடத்தியவர், "சேச்சே, உங்க கடல்பாசி மாதிரிதான், சுத்த சைவம்" என்றார்.

வீட்டில் மாம்பழ புட்டிங் செய்தேன். பொடி தண்ணீரில் ஊறிப் பொம்மென்று உப்பியது. வெதுவெதுப்பான பாலிலேயே கரைந்துவிட்டது. அப்போதே எனக்கு இடித்தது, ஏனென்றால் கடல்பாசி கொதிக்காமல் கரையாது. ஃபிரிட்ஜில் நன்றாகத்தான் உறைந்தது. வெளியே எடுத்து வைத்த அரை மணி நேரத்தில் ஓரமெல்லாம் தளர்ந்து கூழாகிவிட்டது. கடல்பாசி வெளியில் வைத்தாலே உறையும், உறைந்ததை மறுபடி உருக்க 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஜெலட்டின்தான் 35 டிகிரிக்குள் உருகும். அது மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது. எந்த விலங்கு என்று இந்தப் பொட்டலத்தில் யார் எழுதியிருக்கிறார்கள்? அதற்குள் என் மாமியார் இரண்டு கரண்டி சாப்பிட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 14 கப்புக்கு ஆர்டர் வாங்கியிருந்தேன். வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லி ரத்து செய்தேன்.

இன்னொரு பொட்டலம் "க்ரீம் ஆஃப் டார்டார்", வெள்ளைக்கரு நுரை அடங்காமல் நிற்கப் போடும் பொடி. அதைப் போட்ட மெரிங் பழுப்பேறிக் கசந்தது. கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைத்துப் பொங்கியது. க்ரீம் ஆஃப் டார்டார் புளிப்புப் பொருள், எலுமிச்சையில் பொங்காது. பொங்கினால் அது சோடா மாவு, அல்லது சோடா கலந்தது. உங்களிடம் இப்படி ஒரு பொட்டலம் இருந்தால் இன்றே பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. உண்மையில் அந்தப் பொடியே தேவையில்லை. மூன்று வெள்ளைக்கரு, 150 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, எண்ணெய்ப் பிசுக்கில்லாத பாத்திரம். மஞ்சள் கரு ஒரு சொட்டும் விழக்கூடாது. அப்படிச் செய்தபோது எனக்கு நன்றாக வந்தது. எங்கள் பக்கம் கடற்காற்று என்பதால் ஆறியதும் இறுக்கமான டப்பாவில் போட்டுவிட வேண்டும், வெளியே வைத்தால் பிசுபிசுத்துவிடும். வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வகுப்பு நடத்தியவருக்குப் போன் செய்தேன். "உங்க ஏரியா காத்துல ஈரம் ஜாஸ்தி, அதான் உருகுது" என்றார். எலுமிச்சையில் பொங்கியதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்தார், அப்புறம் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸப் விளம்பரம், பொட்டலங்களின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இனிப்புப் பொடி வாங்கினால் சீல் வைத்த பாக்கெட்டாக வாங்குங்கள். அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா என்றும் பாருங்கள். பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம்.

வரும் ஞாயிறும் அதே மாடியில் வகுப்பு என்று விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது முன்பணம் கட்டியிருந்தால் மீதியை அனுப்பாதீர்கள். போன மாதம் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் படித்தால், அந்தப் புட்டிங் பொடியை யாருக்கும் சைவம் என்று கொடுத்துவிடாதீர்கள்.