இருட்டினால் கண்மூடும் கேமரா

செந்தூலில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தும் இடம், பின்னால் நான் முறுக்கு சுடும் கொட்டகை, அதையும் தாண்டினால் சந்து. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொட்டகையிலிருந்து இரண்டு எரிவாயுத் தோம்புகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்று அன்று காலைதான் வந்தது, முத்திரைகூடப் பிரிக்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய கேமரா சுவரில்தான் இருந்தது. பதிவை ஓட்டினால் மாலை 7.10 வரை படம், பிறகு கறுப்பு, பத்து விநாடி படம், மறுபடி கறுப்பு. விடியும்வரை இதே கதை.

மாட்டிய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் இணையக் கோளாறு என்றார்கள். இணையத்துக்குச் சூரியன் மறைவது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

இந்த மதிப்பீடு அவர்களைப் பற்றியதல்ல, அதற்குப் பின் வந்தவரைப் பற்றியது. புடு, ஜாலான் பாசாரில் மின்னணுப் பொருள் கடைகள் அடுத்தடுத்து இருப்பது கோலாலம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். அதில் ஒரு சின்னக் கடையில் கதையைச் சொன்னேன். கல்லாவில் இருந்த தம்பி விலைப் பட்டியலை எடுக்கவே இல்லை. "கேமராவைப் பிறகு பார்க்கலாம் அக்கா. வீட்டில் மின்சாரம் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள், வயர் எத்தனை மீட்டர்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வோல்ட் அளக்கும் மீட்டரோடு வந்துவிட்டார்.

வரவேற்பறையில் மின்மாற்றி முனையில் 12 வோல்ட். அங்கிருந்து 25 மீட்டர் மெல்லிய வயர். கொட்டகையில் கேமரா முனையில் 10.8. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கேமராவின் முகத்தைக் கையால் பொத்தினார். இருட்டிவிட்டது என்று நம்பி அது தன் அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றியது. மீட்டர் 9.4க்கு இறங்கியது. கேமரா அணைந்தது. சுமை போனதும் வோல்ட் ஏற, மறுபடி உயிர் பெற்றது, மறுபடி அணைந்தது. ஓராண்டாக என்னைச் சுற்றவிட்ட "இணையக் கோளாறு" இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது.

புதிய அமைப்பில் கேமராவுக்குத் தனி மின்மாற்றி கிடையாது. படமும் மின்சாரமும் ஒரே நெட்வொர்க் வயரில் போகின்றன, பிஓஇ என்கிறார்கள். 2003இல் வந்த முதல் தரநிலைப்படி வயர் செருகும் ஒவ்வொரு துளையும் 15.4 வாட் கொடுக்கலாம். 100 மீட்டர் வயரின் மறுமுனையில் 12.95 வாட்டாவது கிடைக்கும். என் கேமரா இரவில் கேட்பதோ 7 வாட்டுக்குள். 12 வோல்ட்டில் அதற்கு 0.6 ஆம்பியர் ஓட வேண்டும். பிஓஇ அனுப்பும் 48 வோல்ட்டில் 0.15 போதும். ஓட்டம் குறைந்தால் வழியில் கசிவதும் குறைகிறது. முறுக்கு மாவை நீளமான குழலில் அழுத்திப் பார்த்தவளுக்கு இது புரியாமலா போகும்?

வயரில் மட்டும் தம்பி பேரம் பேச விடவில்லை. மலிவு வயர்களில் செம்பு பூசிய அலுமினியம் இருக்குமாம். வீட்டிலிருந்த பழைய வயரின் இழை ஒன்றைப் பிளேடால் சுரண்டினார், உள்ளே வெள்ளை. புதியதைச் சுரண்டினார், உள்ளேயும் செம்பு. அதற்குப் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கேமரா நான்கு, ஒவ்வொன்றும் 4 மெகாபிக்சல். ஐந்தாவது கேட்டதற்கு மறுத்தார். விற்க வந்தவர் வேண்டாம் என்று சொல்வதை அன்றுதான் பார்த்தேன். கார் நிறுத்தும் இடத்துக்கு 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், அகலமாகப் பார்க்க. ஆனால் அதில் நான்கு மீட்டருக்கு அப்பால் ஆள் தெரிவார், முகம் தெரியாது. அதனால் சந்துப் பக்கம் 6 மில்லிமீட்டர். பக்கத்து வீட்டு அம்மாவின் துணிக்கொடி படத்தில் விழுந்தது. அந்த மூலையை மறைத்துத் தரச் சொன்னேன், செய்தார்.

பதிவுக்கருவியை என் கணவர் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்க ஆசைப்பட்டார். திருடனுக்கு அதையும் தட்டில் வைத்துக் கொடுப்பதா? மாடிப்படிக்கு அடியில், காற்றுப் போக ஓட்டை போட்ட அலமாரியில் பூட்டியாயிற்று. ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 கிகாபைட், நான்குக்கும் 173. 4 டெராபைட் வட்டு ஏறத்தாழ 23 நாள் தாங்கும். நான் சரிபார்த்தேன், 22ஆம் நாள் படம் இருக்கிறது.

மின்வெட்டுக்கு யுபிஎஸ். பெட்டியில் பெரிதாக 650 விஏ என்று போட்டிருக்கிறது. அது எவ்வளவு சுமை தாங்கும் என்பது. எவ்வளவு நேரம் என்பது உள்ளே இருக்கும் மின்கலத்தைப் பொறுத்தது. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி என்றால் 84 வாட் மணி. கேமராக்கள், பதிவுக்கருவி, மோடம் எல்லாம் சேர்ந்து இரவில் 55 வாட். கணக்குப்படி ஒன்றரை மணி நேரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்: 52 நிமிடம். மாற்றும்போது வீணாவது போக அவ்வளவுதான் மிஞ்சும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். மாலை இடிமழையில் ஏற்பட்ட இரண்டு மின்வெட்டுகளுக்கும் அது போதுமாக இருந்தது.

பொருள்களுக்கு 1,950 ரிங்கிட், யுபிஎஸ்ஸுக்கு 260, கூலி 450. மலிவில்லை. குறைகளும் உண்டு. இரவு விளக்குக்குப் பூச்சி வர, பூச்சிக்குச் சிலந்தி வர, வலை அசையும்போதெல்லாம் கைப்பேசி அலறுகிறது. ஒட்டடைக் குச்சியோடு வாரம் ஒரு முறை ஏறுகிறேன். மின்வெட்டின்போது யுபிஎஸ் கத்தும் சத்தம் மாடிவரை கேட்கிறது; அதை நிறுத்தும் பொத்தான் இந்த மாதிரியில் இல்லை, வாங்குமுன் பாருங்கள். கூலிக்கு எழுத்தில் உத்தரவாதம் கேட்டேன். தம்பி ரசீதின் பின்பக்கம் கையால் எழுதி, "ஒரு வருடம்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். ரசீது மாவுச் சல்லடைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.