பிரஷ்டு கோல்டு கைப்பிடிகள்: நான்கு மாதம் புழங்கிய பிறகு

திருவான்மியூரில் எங்கள் ஃபிளாட் சமையலறை அலமாரிகளுக்கு வாங்கிய கைப்பிடிகள் இவை. மொத்தம் 22, பிரஷ்டு கோல்டு நிறம், ஒன்று 240 ரூபாய், பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. பொருளுக்கு ஐந்தில் மூன்றரை தருவேன், கடைக்கு இரண்டு, அதுவும் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டிய பையனுக்காக.

பாட்டி வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குடம், ஒரு சின்ன அண்டா, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மூன்றையும் பரணில் போட மனசில்லாமல் சமையலறையிலேயே திறந்த தட்டு ஒன்று அடித்து வைத்தோம். சிங்க் ஸ்டீல், குழாய் குரோம் என்று ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே, கைப்பிடியாவது பித்தளையோடு சேரட்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு. மாட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், தங்கச் சங்கிலிக்குப் பக்கத்தில் கவரிங் வளையல் போட்ட மாதிரி இருந்தது. கடையில் தனியாகப் பார்த்தபோது அருமையாக இருந்த அதே நிறம்தான், குடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வெளுத்துப்போனது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு, காற்றுப் பட்டாலே மங்கும், எங்கள் ஊர் கடல் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். கைப்பிடியில் இருப்பது பூச்சு, அது அப்படியே நிற்கும். ஆக, நான் நிறம் பார்த்துப் பார்த்து வாங்கியது குடம் தேய்த்த முதல் வாரத்துக்கு மட்டும்தான் ஓரளவு பொருந்துகிறது, பதினைந்தாம் நாள் இது ஒரு நிறம், அது ஒரு நிறம்.

கடைக்காரர் இதைப் பித்தளை என்றுதான் விற்றார். வீட்டில் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, நம்பிவிட்டேன். ஆசாரி ஒன்றின் அடியில் லேசாக அரம் போட்டதும் உள்ளே சாம்பல் நிறம். துத்தநாகக் கலவை. காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், பித்தளை மாதிரியே துத்தநாகத்திலும் அது ஒட்டாது, நமக்குத் தெரியவில்லை. கையில் எடுத்து எடை பார்த்திருக்க வேண்டும், அதே அளவுப் பித்தளை நன்றாகவே கனக்கும். போன் செய்தால் “பித்தளை ஃபினிஷ்னுதான் மேடம் சொன்னோம்” என்றார்கள். ஸ்க்ரூ போட்ட பிறகு மாற்றித் தர முடியாதாம்.

இதற்கு நடுவில் அத்தை ஒரு நாள் விளக்கோடு சேர்த்துப் பக்கத்துக் கதவின் கைப்பிடிக்கும் புளி போட்டு நார் வைத்துத் தேய்த்துவிட்டார். பூச்சு திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மஞ்சளாக இருந்தால் புளி போடுகிற கை அது.

கடைசியில் தட்டைச் சுற்றி இருந்த எட்டை மட்டும் கழற்றிவிட்டு மேட் கறுப்பில் மாட்டினோம். இரண்டு துளைக்கும் நடுவே 96 மில்லிமீட்டர், புதியதும் அதே அளவு பார்த்து வாங்கியதால் பட்டி வைத்து அடைக்கிற வேலை இல்லை. அப்புறம்தான் சமையலறை உட்கார்ந்தது. ஸ்டீலும் குரோமும் ஒரே வெள்ளைச் சாயல், சண்டை போடுவதில்லை. கறுப்பு ஓரமாக நிற்கிறது, பித்தளை எடுப்பாகத் தெரிகிறது. ஹாலில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர்த் தட்டில் பித்தளை, செம்பு, வெள்ளி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் இருக்கிறது, எதுவும் இன்னொன்றாக நடிக்காததால் கண்ணை உறுத்துவதில்லை. எனக்கு உறுத்தியது, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்த இரண்டு மஞ்சள்தான்.

கைப்பிடியின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். விளிம்பு கையைக் கிழிக்காது, எண்ணெய்க் கை பட்டாலும் அச்சு தெரிவதில்லை, போர் தண்ணீர் தெறித்துக் குழாயில் வெள்ளை வெள்ளையாகக் காய்கிற மாதிரி இதில் எதுவும் தெரியவில்லை. கூடவே தந்த ஸ்க்ரூக்கள் மட்டும் இரண்டாவது மாதமே துரு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவாக மாற்றினேன். அசல் பித்தளை பக்கத்தில் இல்லாத வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். இருக்கிற வீடு என்றால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, குடத்துக்குப் பக்கத்தில் பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள்.

கழற்றிய எட்டும் பரணில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் ஏழு தருகிறேன், ஒன்று புளி பட்டது.