மணலி, மாதவரம் பக்கம் ஃபிளேம் டிடெக்டர் மாட்டுகிறவர்கள் கவனத்துக்கு

மணலி, எர்ணாவூர், மாதவரம், மீஞ்சூர் பக்கம் சால்வென்ட், தின்னர், பெயின்ட் வைத்துத் தொழில் செய்கிற சின்ன யூனிட்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தீயின் சுடரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் மாட்டியாயிற்று, அவை எல்லாம் இணையும் கன்ட்ரோல் பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எங்கள் யூனிட்டில் இந்த மூன்றும் இருந்தன. ஆனால் தீப்பிடித்திருந்தால் ஒரு ஹூட்டர்கூட (அலாரம் சைரன்) அடித்திருக்காது.

நாங்கள் டொலுயீன், அசிட்டோன் மாதிரி சால்வென்ட் எல்லாம் டேங்கரில் வாங்கி டிரம்மில் நிரப்பிக் கொடுக்கிறோம். டொலுயீன் 4 டிகிரியிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அசிட்டோனுக்கு மைனஸ் 20 போதும். சென்னையில் வருஷம் முழுக்க அதற்கு மேல்தான். பக்கவாட்டில் திறந்து கிடக்கும் ஷெட்டில் புகைக்காகக் காத்திருக்கும் டிடெக்டர் வேலைக்கு ஆகாது. சுடரையே பார்க்கும் கருவிதான் வேண்டும், அதுதான் ஃபிளேம் டிடெக்டர். 2020 பிப்ரவரி கடைசியில் மாதவரத்தில் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது எழுந்த கரும்புகையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் முதலாளி யாரும் கேட்காமலே இதற்குப் பணம் ஒதுக்கினார். அந்தப் பணத்தைத்தான் டிடெக்டர் மாட்ட வந்த கம்பெனிக்காரர்கள் ஏமாற்றி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் கோட்டேஷனில் எழுதியிருந்தது ட்ரிப்பிள் ஐ.ஆர். டிடெக்டர், ஆறு எண்ணம். ட்ரிப்பிள் ஐ.ஆர். என்றால் மூன்று அகச்சிவப்பு அலைவரிசைகளை ஒப்பிட்டு, சுடரா வெறும் சூடா என்று பிரித்தறிவது. கார்பன் உள்ள எரிபொருள் எரியும்போது வருகிற சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் பக்கம் பலமாக ஒளிரும், அதைத்தான் இது தேடும். மாட்டியதோ புறஊதாவை மட்டும் பார்க்கும் மலிவான மாடல். வெல்டிங் வெளிச்சம், மின்னல் எல்லாம் அதற்குத் தீதான். பக்கத்து யார்டில் கன்டெய்னர் ரிப்பேருக்கு வெல்டிங் வைத்தால் எங்கள் ஹூட்டர் அலறும். டொலுயீன் ஆவியே புறஊதாவை விழுங்கிவிடும் என்பதால் எங்கள் வேலைக்கு இது அடிப்படையிலேயே பொருந்தாத சரக்கு.

பொய் அலாரம் என்று புகார் சொன்னதும் அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். "சார், வெளிச்சமும் மழையும் நேரா அடிக்குது சார், கவர் போட்டா சரியாயிடும்" என்று சொல்லி ஒவ்வொரு டிடெக்டர் முன்னாலும் ஒரு அக்ரிலிக் தாளை மாட்டிவிட்டுப் போனார். அலாரம் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? டிடெக்டர் பார்க்கிற புறஊதா அக்ரிலிக்கைத் தாண்டாது, சாதாரண கண்ணாடியையும் தாண்டாது. ட்ரிப்பிள் ஐ.ஆர். தேடும் 4.3 மைக்ரானும் தாண்டாது. அதனால்தான் டிடெக்டரின் ஜன்னலையே சஃபையர், குவார்ட்ஸ் மாதிரி பொருளில் செய்கிறார்கள். அந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. தீக்காகப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணைக் கட்டிவிட்டு அதற்கும் தனியாக பில் போட்டார்கள்.

அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏ.எம்.சி. என்று ஒரு பையன் வருவான். பேனலில் டெஸ்ட் பட்டனை அழுத்துவான், விளக்கெல்லாம் எரியும், ஹூட்டர் அடிக்கும். கையெழுத்து வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவான். அந்தப் பட்டன் சோதிப்பது பேனலையும் ஹூட்டரையும் மட்டும்தான். ஏணி போட்டு யாரும் மேலே ஏறியதே இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், கடல் உப்பு, மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் கிளப்பும் புழுதி எல்லாம் சேர்ந்து லென்ஸில் ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது.

விஷயம் வெளியே வந்தது, ரிஃபைனரியில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரால். ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று நாங்கள்தான் கூப்பிட்டோம். பேனலைப் பார்த்ததுமே, "தம்பி, இந்தப் பச்சை விளக்கு பேனலுக்கு உயிர் இருக்குன்னு சொல்லுது. மேல இருக்கிறதுக்குக் கண் தெரியுதான்னு சொல்லாது" என்றார். ஷெட்டில் நிரப்பும் வேலையை நிறுத்தி, கரன்ட்டைத் துண்டித்து, காஸ் மீட்டரில் ஆவி இல்லை என்று பார்த்த பிறகுதான் டிடெக்டர் மூடியைத் திறக்கவிட்டார். அவரைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது, முன்னால் வந்தவர்கள் கரன்ட் ஓடும்போதே திறந்துகொண்டிருந்தார்கள் என்பது.

உள்ளே பார்த்ததை எழுதவே கோபம் வருகிறது. டிடெக்டர் இருக்கும் எஃப்.எல்.பி. (ஃபிளேம்புரூஃப்) பெட்டியின் வேலை என்ன? உள்ளே ஆவி புகுந்து பொறியில் வெடித்தாலும் அந்தச் சுடர் வெளியே வரக் கூடாது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி வழியாக வரும்போதே சூடு தணிந்துவிட வேண்டும். இங்கே அந்த மூடி பொருந்தும் முகத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. கேபிள் நுழையும் இடத்தில் கேபிளை இறுக்கி அடைக்கும் எஃப்.எல்.பி. டபுள் கம்ப்ரஷன் கிளாண்டுக்குப் பதில் சாதாரண கிளாண்ட். பயன்படாத ஓட்டையில் பிளாஸ்டிக் மூடியும் எம்-சீலும். தீயைக் கண்டுபிடிக்க மாட்டிய கருவியே தீக்குக் காரணமாகியிருக்கும்.

பின்பக்க டிடெக்டர் ஒன்றில் கேபிள் கிளாண்டு வரை வந்து நின்றிருந்தது, டெர்மினலில் ஒரு கம்பிகூட இல்லை. பேனல் ஏன் ஃபால்ட் (கோளாறு) காட்டவில்லை என்று பெரியவரைக் கேட்டேன். லைனின் கடைசியில் உள்ள ரெசிஸ்டர் வழியாக ஓடும் சிறு கரன்ட்டை வைத்துத்தான் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பேனல் அறியும். கடைசி டிடெக்டரில் போட வேண்டிய அந்த ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே போட்டு முடித்திருந்தார்கள். அப்படிச் செய்தால் ஷெட்டில் எந்த ஒயர் அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. டிடெக்டர் தன் கோளாறைத் தானே சொல்லும் ஃபால்ட் காண்டாக்ட்டையும் லைனில் சேர்க்கவில்லை. இதைத் தெரியாமல் செய்த தவறு என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

கொடுத்த சர்டிஃபிகேட்டும் வேறு மாடலுடையது. பெட்டித் தகட்டில் இருந்த எண்ணும் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதிக் கடிதத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை.

நீங்கள் வேலை கொடுப்பதாக இருந்தால், பாக்கிப் பணம் தருவதற்கு முன்னால் ஒவ்வொரு டிடெக்டரையும், அதைத் தயாரித்த கம்பெனியின் டெஸ்ட் லாம்ப் (சுடர் மாதிரி ஒளி விடும் விளக்கு) வைத்து உங்கள் கண் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். லைட்டரைக் காட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் கேட்டுக்கு வெளியே அனுப்புங்கள். அந்த லாம்ப்பும் எஃப்.எல்.பி. சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பேனலில் இருந்து தண்ணீர் ஸ்பிரே, ஷட்டவுன் ஏதாவது ஓடுமானால் சோதனைக்கு முன்னால் அதைத் தடுத்துவைத்து, முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். பிறகு கடைசி டிடெக்டரில் ஒரு ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், பேனல் ஃபால்ட் காட்ட வேண்டும். ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால் கரன்ட்டை நிறுத்த வேண்டும், ஆவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைப் பூட்டிய பிறகே கரன்ட் கொடுத்து ஃபால்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டில் உள்ள மாடல், காஸ் குரூப் (எந்த வகை ஆவிக்கு ஏற்றது), டெம்பரேச்சர் கிளாஸ் (மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம்) மூன்றையும் சர்டிஃபிகேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஆவி உள்ள இடத்து மின்கருவிகளுக்கான தரநிலையான ஐ.எஸ். ஐ.இ.சி. 60079 வரிசையில் 14ஆம் பகுதி நிறுவுவதற்கு, 17ஆம் பகுதி பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும். இந்த இரண்டின்படிதான் ரிப்போர்ட் வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

இடமும் முக்கியம். விற்பனைத் தாளில் போட்டிருக்கும் தூரம் பெரும்பாலும் ஒரு சதுர அடித் தட்டில் எரியும் ஹெப்டேன் என்ற எரிதிரவத்துக்கு. தூரம் இரண்டு மடங்கானால் தீ நாலு மடங்கு பெரிதாக வேண்டும். எங்களுக்கு மாட்டியதில் இரண்டு, அடுக்கிய டிரம்களின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது வேறு ஆட்களை வைத்து எல்லாவற்றையும் மாற்றி, எதிரெதிர் மூலைகளில் இருந்து கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டியிருக்கிறோம். லென்ஸ் துடைப்பது எங்கள் ஆட்களே, மாதாமாதம்.

பழைய பார்ட்டிக்குப் பாக்கியை நிறுத்திவிட்டோம். படங்களோடு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, முன்பணம் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு யூனிட்டில் ஏ.எம்.சி. பார்க்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் நேரில் போய்ச் சொன்னேன். ஒரு இடத்தில் உடனே ஏணி போட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் அதே அக்ரிலிக் தாள். அதைக் கழற்றிவிட்டார்கள், ஒயரிங்கை இந்த வாரம் திறந்து பார்க்கிறார்கள். இன்னொரு இடத்து முதலாளி ஊரில் இல்லை, வந்ததும் மறுபடி போகிறேன்.