"எதப் போடட்டும்ணா?" ஜெர்சியா, எச்.எஃப்-ஆ, கிடேரி ஊசியா, ஆலம்பாடியா

காலை அஞ்சரைக்கே எங்கள் பசு சிவப்பி கத்த ஆரம்பித்துவிட்டாள். கறக்கும்போது காலை மாற்றி மாற்றி வைத்தாள், தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாலுக்குக் கீழே கண்ணாடி நூல் மாதிரி வழும்பு தொங்கியது. பருவத்துக்கு வந்துவிட்டாள். பருவத்தைக் காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை ஊசி. இது எங்கள் காரிமங்கலம் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாலு மணிக்கு ஊசி போடும் தம்பி வண்டியில் நைட்ரஜன் டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து, கிளம்பிய வெள்ளைப் புகைக்கு நடுவே கேட்டார்: "எதப் போடட்டும்ணா?"

பத்து வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில், "நல்லதாப் பாத்துப் போடு தம்பி" என்பதுதான். அது பதிலே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. இன்று போடும் குச்சி, அதாவது காளையின் விந்தை உறையவைத்த சின்னக் குழல், ஒன்பது மாதத்தில் கன்றாகும். அது கிடேரியாக இருந்து, வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, பால் சொசைட்டிக்குப் போக மூன்றேகால் வருஷமாவது ஆகும். அன்றைக்கு என் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, தீவனம் என்ன விலை என்பதையெல்லாம் இன்றே ஊகித்துத்தான் குச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மாட்டின் ரத்தக் கணக்கு. சிவப்பியின் தாய் நாட்டுமாடு, தகப்பன் சுத்த ஜெர்சி. ஆக இவள் சரிபாதி. இவளுக்குச் சுத்த ஜெர்சி குச்சியைப் போட்டால் கன்றுக்கு முக்கால் பங்கு ஜெர்சி வந்துவிடும். எச்.எஃப், அதாவது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன், போட்டால் பாதி எச்.எஃப், கால் ஜெர்சி, கால் நாடு. மொத்தத்தில் அதுவும் முக்கால் சீமை ரத்தம்தான். பாதியிலேயே நிறுத்தவேண்டுமானால் அவளைப் போலவே பாதி ரத்தமுள்ள கலப்புக் காளையின் குச்சி வேண்டும். எங்கள் பக்கம் பலருக்கு இது தெரியாது. சீமைக்குமேல் சீமையாக மூன்று தலைமுறை போட்டுவிட்டு, "மாடு வெயில் தாங்கல, சினை நிக்கல" என்று அலைவார்கள்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. முதல் கலப்பில் ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஒன்று ஜெர்சி, ஒன்று நாடு என்று ஜோடி சேர்கிறது. அதனால் வரும் கூடுதல் தெம்பைக் கலப்பின வீரியம் என்கிறார்கள். பாதி ரத்தப் பசுவைப் பாதி ரத்தக் காளையோடு சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி குறைந்துவிடும். சுத்த ஜெர்சியோடு சேர்த்தாலும் அதே அளவுதான் குறையும். ஆக, அம்மா போலவே மகள் இருப்பாள் என்று எந்தக் குச்சியும் சத்தியம் பண்ணாது.

சரி, பெரிய சண்டைக்கு வருவோம். எச்.எஃப்-ஆ, ஜெர்சியா?

ஓசூர்க்காரர்களிடம் கேட்டால் எச்.எஃப் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், பெங்களூரு பக்கத்திலேயே சந்தை, சோளத்தட்டுக்கும் நேப்பியர் புல்லுக்கும் போர்வெல். 1924-ல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணையும் அங்கேதான் இருக்கிறது. தர்மபுரி ஏறக்குறைய அதில் பாதி உயரம். இங்கே மாசி முடிந்தாலே பாறை சுட ஆரம்பித்துவிடும். எச்.எஃப் பெரிய உடம்பு, நிறையத் தின்னும். தின்றது வயிற்றில் நொதிக்கும்போது சூடு கிளம்பும், அதை வெளியே விட வழியில்லாமல் மூச்சு வாங்கும். முதலில் பால் குறையும், அடுத்து பருவம் தெரியாமல் போகும், கடைசியில் சினை நிற்காது. பால் குறைந்ததை அன்றைக்கே படியில் பார்த்துவிடலாம். சினை நிற்காத நஷ்டம்தான் ஒரு வருஷம் கழித்துப் புரியும்.

என் கொட்டகைக் கணக்கையே சொல்கிறேன். இரண்டு வருஷம் ஒரு எச்.எஃப் கலப்பு வைத்திருந்தேன். நல்ல நாளில் 13 லிட்டர், கொழுப்பு 3.6 சதவீதம். பக்கத்திலேயே ஜெர்சி கலப்பு 10 லிட்டர், கொழுப்பு 4.7. பெருக்கிப் பாருங்கள்: ஒன்றில் 468 கிராம் கொழுப்பு, மற்றதில் 470. சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போடுகிறார்கள் என்பதால் லிட்டரில் தெரிந்த வித்தியாசம் பணத்தில் பெரிதாகச் சுருங்கிவிட்டது. தீவனத்தில் சுருங்கவில்லை. 450 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு 12, 13 கிலோ உலர்தீவனக் கணக்கு, 350 கிலோ மாட்டுக்கு 10 கிலோவுக்குள். சித்திரையில் கேழ்வரகுத் தாளைக் காசு கொடுத்து வாங்கும்போது அந்த மூன்று கிலோ கண்ணில் நிற்கும். கொழுப்புக் கணக்கு பார்க்காமல் லிட்டருக்கு இவ்வளவு என்று வாங்கும் பால்காரரிடம் ஊற்றுகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும், அவர் எச்.எஃப் வைக்கலாம். ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில் வருவது இதனால்தான்.

அடுத்தது கிடேரி ஊசி, பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து. இதைப்பற்றித்தான் இப்போது டீக்கடைப் பேச்சு. காளைக்கன்று பிறந்தால் சந்தைக்கு ஓட்டவேண்டும், கிடேரி பிறந்தால் சொத்து. யாருக்குத்தான் ஆசை வராது? இதன் வேலை ஒரு சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. மாட்டில் பெண் கன்று தரும் விந்தணுவில் ஆண் கன்று தருவதைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதலாக டி.என்.ஏ இருக்கிறது. சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அதிகம் ஒளிர்வதைத் தனியே பிரிக்கிறார்கள். ஊட்டியில் நம் மாநிலத்துக்கே இதற்கான கூடம் இருக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடேரி என்பது உண்மைதான்.

ஆனால் சாதாரணக் குச்சியில் உறையவைக்கும் முன் 2 கோடி விந்தணு போடுவார்கள், இதிலோ வழக்கமாகச் சுமார் 20 லட்சம். பிரிக்கும்போதே அடிபட்டும் வருகின்றன. அதனால் நல்ல பருவத்திலுள்ள, நோய்நொடி இல்லாத கிடேரிக்குப் போடுவதுதான் வழக்கம். நான் என்ன செய்தேன்? நாலு ஈத்து முடிந்த, ஏற்கெனவே இரண்டு முறை சினை தவறிய மாட்டுக்குப் போட்டேன். ஆசைதான். இரண்டு தடவையும் நிற்கவில்லை. 42 நாள் போனது, பணமும் போனது. போட்டவர் குச்சியைக் குளிர்போக்கத் தண்ணீரின் சூட்டைக் கைவிரலால் பார்த்தார் என்பது எனக்கு இன்னமும் நெருடல். 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிஷம் என்பது கணக்கு, விரலுக்கு ஏது டிகிரி? இருந்தாலும் பாதித் தப்பு என்னுடையது. தேர்ந்தெடுத்த மாடே தப்பு.

இனி ஆலம்பாடி. ஒகேனக்கலை ஒட்டிய காவிரிக்கரை ஊரின் பெயரில் வந்த இனம். கருஞ்சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளை, பின்னால் வளைந்த கொம்பு, நடையில் ஒரு விறைப்பு. மைசூர்ப் பக்கத்து ஹள்ளிகாருக்கு அண்ணன் தம்பி முறை. பர்கூர் மாடும் பக்கத்து இனம்தான். பர்கூர் என்றதும் நம் கிருஷ்ணகிரி பர்கூரை நினைத்துவிடாதீர்கள், அது அந்தியூர் மலைமேல் இருக்கும் பர்கூர். ஆலம்பாடியை பாலில் ஜெர்சியோடு ஒப்பிடுவதே வம்பு. கன்று குடித்தது போக ஒன்றிரண்டு லிட்டர் கறந்தால் பெரிய விஷயம். அது வண்டிக்கும் ஏருக்கும் வளர்ந்த மாடு. டிராக்டர் வந்ததும் அதன் வேலை போயிற்று, வேலை போனதும் எண்ணிக்கையும் கரைந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் எருது விடும் விழா இருப்பதால் இந்தச் சாயல் காளைகளுக்கு இன்னும் மவுசு உண்டு. குந்தாரப்பள்ளிச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசும் விலை, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. கை வெளியே வந்ததும் தரகர் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் காரிமங்கலத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆலம்பாடி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த வேலையின் கஷ்டம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்ததும்தான் எனக்குப் பிடிபட்டது. ஒரு மலையடிவாரப் பட்டியில் நூறு பசு, இரண்டு காளை என்று வையுங்கள். பார்க்க நூற்றிரண்டு மாடு. மரபியல் கணக்கில், காளைகளையும் பசுக்களையும் பெருக்கி நாலால் பெருக்கி மொத்தத்தால் வகுத்தால், எட்டுக்கும் குறைவு. அதாவது எட்டே எட்டு மாட்டிலிருந்து ஒரு இனம் வளர்ந்தால் எவ்வளவு நெருக்கத்தில் உறவு கலக்குமோ, அவ்வளவு நெருக்கம். பசுவை ஆயிரமாக்கினாலும் காளை இரண்டே என்றால் எண்ணிக்கை எட்டைத் தாண்டாது. இனத்தைக் காப்பாற்ற உறவில்லாத காளைகள் நிறைய வேண்டும், ஊரில் எல்லாரும் முதலில் விற்பதோ காளைக்கன்றைத்தான்.

ஆகவே ஆலம்பாடிப் பசுவே வைத்திருப்பவர் அதற்கு ஆலம்பாடிக் குச்சியையே போடட்டும். அதற்குப்போய் ஜெர்சி போடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். என் சிவப்பிக்கு ஆலம்பாடி போட்டாலோ, பாலும் இல்லாத ஏரும் இல்லாத ஒன்று வரும்.

ஊர்க் காளையிடம் ஓட்டிப்போவதும் ஒரு வழி. பருவத்தைக் காளை நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும், அந்த ஒன்றில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அது யார் மகன் என்று தெரியாது, தன் மகளுக்கே திரும்பவும் வரும், கருச்சிதைவு நோயும் வீடு வீடாக வரும். விட்டுவிடலாம்.

இவ்வளவு பேசிய பிறகும் முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது. இனத்தை முடிவுசெய்துவிட்டோம், சரி, எந்தக் காளை? ஜெர்சிக்குள்ளேயே காளைக்குக் காளை தூரம் அதிகம். பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் கால் பங்கு, கூடிப்போனால் மூன்றில் ஒன்று, பரம்பரையால் வருவது. மிச்சம் தீவனம், வெயில், கவனிப்பு. கொழுப்புச் சதவீதத்தில் பரம்பரைப் பங்கு பாதி வரை போகும். சினை நிற்பதிலோ சொற்பம். அந்தப் பங்கை அளக்கக் காளையின் மகள்களைக் கறந்து பார்க்கவேண்டும், அதற்கு ஐந்தாறு வருஷம். 2001-ல் மூவிசன், ஹேய்ஸ், கொட்டார்ட் என்ற மூன்று பேர் மரபணுக் குறிகளை வைத்தே காளையைக் கன்றிலேயே மதிப்பிடும் கணக்கைக் கொடுத்தார்கள். அமெரிக்க எச்.எஃப்-புக்கு அது 2009-ல் நடைமுறையானது. இங்கேயும் 2024-ல் கௌ சிப் என்று நம் மாடுகளுக்கென மரபணுக் குறிகளைப் படிக்கும் சிப் ஒன்றை வெளியிட்டார்கள்.

சிப் இருந்தாலும் அதற்குக் கறவைப் பதிவு வேண்டும். எங்கள் ஊர்ச் சொசைட்டி அட்டையில் எண் உறுப்பினருக்கு, மாட்டுக்கு இல்லை. மூன்று மாட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எது நல்ல மாடு என்று யாரைக் கேட்பது?

அதனால் தம்பியிடம் சொன்னேன்: ஜெர்சி கலப்புக் காளை, பாதி ரத்தம், குச்சிமேல் இருக்கும் காளை எண்ணை எனக்குக் காட்டவேண்டும். அவர் சிரித்தார். டப்பாவில் சுத்த ஜெர்சி ஏழெட்டு, எச்.எஃப் நாலு, கலப்பு ஒன்றே ஒன்று இருந்தது. இடுக்கியால் எடுத்து, வெந்நீர் பிளாஸ்கில் வெப்பமானியைப் போட்டுப் பார்த்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே அரை நிமிஷம் நின்றார். எண் நகத்தளவு எழுத்தில் இருந்தது. அம்மா கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்க, படித்துக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினேன், பக்கத்தில் தேதி.

நேற்று இருபத்தோராவது நாள். அஞ்சரைக்கு எழுந்து போய் நின்றேன். சிவப்பி படுத்துக்கொண்டு அசைபோட்டாள், என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கத்தவில்லை, வழும்பும் இல்லை. "நின்னுடுச்சுடா" என்றாள் அம்மா. கைவிட்டுப் பார்த்துச் சொல்ல இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் இருக்கிறது. நாற்பத்திரண்டாம் நாளுக்கும் சுவரில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.