காட்பாடியில் வாங்கிய மூன்று பின் பிஓஇ இன்ஜெக்டர்: வாங்கலாம், ஆனால் கேபிளைப் பாருங்கள்

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நெட் சிக்னலைக் கம்பியில்லாமல் கடத்தும் ஒரு ரேடியோ, தென்னந்தோப்பில் பம்ப்செட் அறை மேல் இன்னொன்று. மாடி வரை தனியாகக் கரண்ட் இழுக்காமல் நெட் கேபிளிலேயே மின்சாரம் அனுப்ப (இதைத்தான் பிஓஇ என்கிறார்கள்), காட்பாடியில் ஒரு கடையில் 24 வோல்ட், அரை ஆம்பியர் பாசிவ் இன்ஜெக்டர், அதாவது நெட் கேபிளில் மின்சாரத்தைச் சேர்த்து அனுப்பும் டப்பா, இரண்டு வாங்கினேன். பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத சரக்குதான். அக்னி நட்சத்திரத்தையும் ஐப்பசி மழையையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் தைரியமாக எழுதலாம்.

இதில் எனக்குப் பிடித்தது மூன்று பின் பிளக். அதே கடையில் இரண்டு பின் அடாப்டர் இன்னும் மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றேன். வெளியே கம்பத்தில் நிற்கும் ரேடியோவில் காற்றாலும் இடியாலும் சேரும் மின்னூட்டம் இறங்க ஒரு வழி வேண்டும். ஷீல்டு (ஒயர்களைச் சுற்றி உலோகத் தாள்) உள்ள கேபிள், இரண்டு முனையிலும் உலோக உறை போட்ட கனெக்டர், அப்புறம் எர்த் உள்ள இன்ஜெக்டர், இத்தனையும் சேர்ந்தால்தான் அந்த வழி முழுமையாகும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டரைப் போட்டால் ஷீல்டுக்குக் கொடுத்த காசு வீண். பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை சும்மா பேருக்குத்தான் இருக்கும், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் நிஜமாகவே வருகிறதா என்று முதலில் பாருங்கள். இதெல்லாம் செய்தாலும் நேரடியாக விழும் மின்னலை எதுவும் தடுக்காது, ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்தாலே நான் பிளக்கையும் லேன் ஒயரையும் உருவிவிடுவேன்.

பாசிவ் என்பதால் இதற்கு எதிரே இருப்பது என்ன கருவி என்று தெரியாது, 4, 5 ஒயர்களில் பிளஸ்ஸும் 7, 8 ஒயர்களில் மைனஸும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி செய்த ஸ்விட்ச் அப்படியில்லை, முதலில் சோதித்து, அந்தப் பக்கம் சரியான கருவி இருந்தால் மட்டுமே 48 வோல்ட் அளவில் அனுப்பும். ஆகவே இந்த டப்பாவில் பிஓஇ என்று போட்ட ஓட்டையில் லேப்டாப்பைச் சொருகாதீர்கள், போர்ட் கருகலாம். அதேபோல 24 வோல்ட் ரேடியோவுக்கு 48 வோல்ட் பாசிவ் அடாப்டரைக் கொடுத்தால் ரேடியோ காலி. வாங்கும் முன் ரேடியோவின் அடியில் அச்சடித்திருக்கும் வோல்டேஜைப் படித்துவிடுங்கள்.

கேபிள் விஷயத்தில்தான் கடைக்காரரோடு கொஞ்சம் வாக்குவாதம் ஆகிவிட்டது. கேட் 6 ரக நெட் கேபிள் என்று அவர் எடுத்துக் கொடுத்ததை பிளேடால் சுரண்டினேன், செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்பு பூசிய அலுமினியத்தில் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 60 மீட்டர் நல்ல செம்புக் கேபிளில் 0.35 ஆம்பியர் போனால் 2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் விழும், 24இல் தொடங்கும்போது அது தாங்கும். அலுமினியத்தில், அதுவும் கேபிள் நீளமானால், ரேடியோ திணறி அடிக்கடி ரீபூட் ஆகும், நாம் சிக்னலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். கடைசியில் வெளியிடத்துக்கான கறுப்பு உறை போட்ட, ஷீல்டு உள்ள முழுச் செம்புக் கேபிளை வரவழைத்துக் கொடுத்தார். விலை இன்ஜெக்டரைவிட அதிகம்தான், ஆனால் வீட்டுக்குள் போடும் சாதா கேபிளின் உறை வேலூர் வெயிலில் வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளேயே வழிந்து இன்ஜெக்டர் வரை வந்துவிடும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்து எடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

குறை என்று பார்த்தால், சுவரில் மாட்ட ஓட்டை இல்லை. நான் ஒட்டிய இரட்டைப் பக்க டேப் சித்திரை வெக்கையில் இளகி விழுந்தது, இப்போது டேக் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். பச்சை விளக்கும் ராத்திரியில் கண்ணைக் கூசுகிறது. ஐந்துக்கு நான்கு.