படகை டிரெய்லரில் கட்ட: ராட்செட் பட்டையா, நைலான் கயிறா?

ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலையில் இழுப்பதென்றால் ராட்செட் பட்டைதான் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) சரி. பாலியெஸ்டரில் நெய்த 50 மி.மீ. பட்டை பாரத்தில் அதிகம் நீளாது. நைலான் கயிறு நீளும். நனைந்தால் இன்னும் தளரும். புறப்படும்போது விறைப்பாக இருந்த கட்டு வழியில் தொளதொளத்துப் போவது இதனால்தான்.

பின்புறம் இரண்டு பட்டைகள் வேண்டும். இருபக்க வளையங்களிலிருந்து டிரெய்லர் சட்டத்துக்குக் கட்டுங்கள். ராட்செட் உருளையில் இரண்டு மூன்று சுற்றாவது விழ வேண்டும், இல்லாவிட்டால் பட்டை வழுக்கும். முன்புறம் வின்ச்சை (படகை டிரெய்லர் மேல் இழுக்கும் சுழல் உருளை) மட்டும் நம்பவே கூடாது. அதன் பல் நழுவினால் படகு பின்னோக்கிச் சரியும். மூக்கு வளையத்துக்குத் தனிச் சங்கிலி கட்டாயம்.

பட்டையிலும் ஆபத்து உண்டு. படகின் குறுக்கே போட்டு அளவுமீறி இறுக்கினால் விளிம்பில் ஃபைபர் விரிசல் விடும். அடியில் ரப்பர் துண்டு கொடுங்கள். உப்புநீர் பட்டால் ராட்செட் துருப்பிடித்துச் சிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, துளி எண்ணெய் விடுங்கள்.

கயிற்றில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. சிறு படகைக் கரையிலிருந்து கொட்டகைவரை மெதுவாக நகர்த்த அது போதும்.

எதில் கட்டினாலும் 15 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள்.