விஎம்வேரா, ஜிபியு பாஸ்த்ரூவா? லினக்ஸுக்குள் விண்டோஸ் கேம்

லினக்ஸ் கணினியில் விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாக (மென்பொருள் உருவாக்கும், கணினிக்குள் ஒரு கணினி) ஓட்டி, அதில் கனமான கேம் ஆட இரண்டு வழி உண்டு. ஒன்று, விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் தரும் மெய்நிகர் கிராபிக்ஸ் கார்டு. மற்றது, லினக்ஸிலேயே உள்ள விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் வழியாக நிஜக் கிராபிக்ஸ் கார்டையே (ஜிபியு) விண்டோஸிடம் ஒப்படைக்கும் பாஸ்த்ரூ.

செலவு
விஎம்வேர்: 2024 நவம்பர் முதல் இலவசம். இருக்கும் ஒரே கார்டு போதும்.
பாஸ்த்ரூ: மென்பொருள் இலவசம். ஆனால் பொதுவாக லினக்ஸுக்குத் தனி கிராபிக்ஸ் வேண்டும். பிராசசரிலேயே இருப்பது போதும்.

வேகம்
விஎம்வேர்: டைரக்ட்எக்ஸ் (கேம்கள் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த விண்டோஸ் தரும் இடைமுகம்) 11 வரைதான். 12 கட்டாயம் என்னும் கேம் திறக்கவே செய்யாது.
பாஸ்த்ரூ: நேரடியாக நிறுவிய விண்டோஸின் வேகத்தை ஏறக்குறைய எட்டும்.

அமைப்பு
விஎம்வேர்: 3டி ஆக்சிலரேஷனை டிக் செய்து, கிராபிக்ஸ் மெமரியைக் கூட்டி, விஎம்வேர் டூல்ஸை நிறுவினால் முடிந்தது.
பாஸ்த்ரூ: பொறுமை வேண்டும். சாதனங்களை விர்ச்சுவல் மெஷினுக்குப் பிரித்துத் தர உதவும் ஐஓஎம்எம்யு வசதியை பயாஸில் இயக்குங்கள். கார்டையும் அதிலுள்ள எச்டிஎம்ஐ ஒலிச் சாதனத்தையும் சேர்த்தே, அவற்றை விர்ச்சுவல் மெஷினுக்கென ஒதுக்கி வைக்கும் விஎஃப்ஐஓ டிரைவரோடு பிணையுங்கள். அதே ஐஓஎம்எம்யு குழுவில் (ஒன்றாகவே ஒப்படைக்க வேண்டிய சாதனங்களின் தொகுப்பு) யுஎஸ்பி, நெட்வொர்க் சிப் கலந்திருந்தால் சிக்கல். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினில் டிரைவர் இயங்க மறுக்கும் என்விடியாவின் பிழை 43 தொல்லை 2021-இல் 465 வரிசை டிரைவரோடு நீங்கியது. சில ஏஎம்டி கார்டுகள் மட்டும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தியபின் ரீசெட் ஆகாமல் தொங்கும். கணினியையே ரீபூட் செய்ய நேரிடும்.

பழைய, இலகுவான கேம்களுக்கு விஎம்வேர் தாராளம். புதிய கனமான கேம் என்றால் பாஸ்த்ரூதான், தயங்கவே வேண்டாம். வேலரன்ட் மாதிரி விர்ச்சுவல் மெஷினையே மறுக்கும் ஆன்டி-சீட் (மோசடித் தடுப்பு மென்பொருள்) உள்ள கேம்களுக்கு இரண்டும் உதவாது. விண்டோஸை டூயல் பூட்டாக (கணினியைத் தொடங்கும்போது லினக்ஸா விண்டோஸா என்று தேர்ந்தெடுக்கும்படி) நிறுவுங்கள்.